தேத்தண்ணி குடியாத அன்ரி

ஊரை விட்டு வந்த எங்கள் சனம் நிறைந்த வோபர்னில், அந்த உயரக் கட்டடத்துக்குள் கோட்டுக்குப் போய் வென்றவர்கள் கொஞ்சப்பேர் இருந்தார்கள். வென்ற காசைக் கண்ணால் கண்டவர்கள் ஒருவரும் இல்லை. தீர்ப்பை வாங்கிக்கொண்டு வந்து சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு, காசு தபாலில் வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். வராது. கோட்டுக்குப் போன் எடுத்தால், தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலை, காசை வாங்கிக்கொள்வது உங்கள் பாடு என்று அங்கே இருக்கிற பெண்பிள்ளை வலு மரியாதையாகச் சொல்லுவாள்.

புனிதவதிக்கும் அப்படித்தான் சொன்னாள். மற்றவர்கள் அந்த இடத்தில் போனை வைத்துவிட்டார்கள். புனிதவதி வைக்கவில்லை.

"வாங்குறதுக்கு நான் என்ன செய்யவேணும்?" என்று தனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டாள்.

பார்க்டேலில் அவள் முதல் குடியிருந்த பேஸ்மென்ற்றின் சொந்தக்காரன், கடைசி மாத வாடகை என்று முன்கூட்டி வாங்கியதைத் திருப்பித் தரவில்லை. வழக்கில் அவள் வென்றாள். அவனோ தனக்கு வேலையே இல்லை என்று சாதித்தான். ஒருநாள் அவன் வீட்டுப் பின்வேலியால் நடந்து போனபோது, கொடியில் ஒரு நீலச் சேட்டுக் காய்ந்துகொண்டிருந்தது. பையில் ஒரு தொழிற்சாலையின் பெயர் நூலால் தைத்திருந்தது. புனிதவதி தையல்காரி. புது நூலுக்கும் பழைய நூலுக்கும் வித்தியாசம் தெரியாதா? அது புது நூல்; ஆள் இப்போது அங்கேதான் வேலை. கோட்டில் படிவம் எடுத்து அந்தத் தொழிற்சாலைக்கு அனுப்பினாள். அடுத்த மாதத்தில் இருந்து அவன் சம்பளத்தில் ஒரு பங்கு வெட்டுப்பட்டுக் கோட்டுக்கு வந்து, கோட்டில் இருந்து அவளுக்கு வந்தது.

முதல் செக் வந்த அன்று அவள் பாங்குக்குப் போகவில்லை. மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெரிய காசு இல்லை. ஆனால் நீதவான் வாயால் சொன்ன ஒரு சொல், அவளாலே நடந்திருக்கிறது. இந்த நாட்டில் அவள் செய்த எதுவும் அதற்கு முன்னர் அப்படி ஒரு நிமிர்வைத் தந்ததில்லை.

பிறகு ஆட்கள் வரத்தொடங்கினார்கள். "புனிதமக்கா, எங்களிட்டையும் ஒரு பேப்பர் கிடக்கு" என்று கதவைத் தட்டினார்கள். ஒருத்தருக்குக் காருக்குக் குடுத்த முற்பணம். இன்னொருத்தருக்குக் கலியாணத்துக்கு வராத வீடியோக்காரன்.

அவளுடைய கணவன் சண்முகலிங்கத்துக்குக் காருக்குப் பெற்றோல் அடிக்கிற காஸ் ஸ்ரேசனில் வேலை. மனிசி ஜக்கெற் தைக்கிற வேலையை விட்டுவிட்டு இதைத் தொழிலாகச் செய்யப்போகிறேன் என்று சொன்ன அன்று, அவர் புட்டைக் குழைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

"கடன் தண்டுற வேலையோ?"

"கடன் இல்லை. தீர்ப்பு. கோட்டே தரச்சொல்லிச் சொன்ன காசு. வாங்கிக் குடுத்தா மூண்டில ஒண்டு எங்களுக்கு."

"எதெண்டாலும் சனம் கடன் தண்டுறவள் எண்டுதான் சொல்லும். அண்ணை போனில கேட்டா நான் என்னண்டு சொல்லுறது?"

"உங்கட அண்ணை எங்கட வாடகையைக் கட்டுறாரோ?"

"கட்டேல்லைத்தான்."

"பிறகென்ன? சம்பலை இஞ்சால தள்ளுங்கோ."

முறையாகச் செய்யவேண்டும் என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். அமைச்சில் பதிய வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், பிணை கட்டவேண்டும். பரீட்சைக்குத் தையல் மெசினுக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்துப் படித்தாள். பிணைக் காசுக்கு அவளுடைய இரட்டைப்பட்டுச் சங்கிலி அடகுக்குப் போனது. லைசன்ஸ் வந்ததும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சோபாவுக்கு மேலே மாட்டினாள். சண்முகலிங்கம் கீழே நின்று, "கொஞ்சம் இடக்கைப் பக்கம்" என்றார். அவ்வளவுதான் அவர் கொடுத்த சம்மதம்.

தையல் தொழிற்சாலை மேற்பார்வையாளர் நல்ல மனிசன். ஈஸ்ரர் வரைக்கும் அவளுடைய மெசினை வேறு ஆளுக்குக் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னார். தொண்ணூற்றேழாம் ஆண்டு ஈஸ்ரர் பங்குனிக் கடைசியில் வந்தது. அதற்குள் தொழில் நிமிர்ந்தால் சரி. இல்லாவிட்டால் திரும்பவும் ஜக்கெற்றுக்கு உட்துணி வைக்கப் போகவேண்டியதுதான் என்று புருசனும் மனிசியும் பேசிக்கொண்டார்கள்.

வேலைக்குப் போகிற ஆளிடம் வாங்குவது சுகம். சம்பளத்தில் வெட்டச் சொல்லி எழுதினால் சரி. சொந்தமாகத் தொழில் செய்கிறவன், எல்லாவற்றையும் மனிசி பேரில் வைத்திருக்கிறவன், இவர்களிடம் நேரே போகவேண்டும். வெருட்டக்கூடாது, கத்தக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை போகக்கூடாது என்று சட்டம் இருந்தது. வெருட்டவும் கத்தவும் அவளுக்குத் தெரியாது என்பதால் அது சிரமமாக இல்லை. சிரமம் வேறு இடத்தில் இருந்து வந்தது.

முதல் போன வீட்டில் இறைச்சிக் கட்லட்டும் பால்தேத்தண்ணியும் கொடுத்தார்கள். சாப்பிட்டாள். குடித்தாள். பிறகு கேட்கலாம் என்று பார்த்தால் வாய் வரவில்லை. உப்புத் தின்ற வீட்டில் காசைப் பற்றி எப்படி எடுக்கிறது? அந்த வீட்டுக்காரிக்கும் அது நன்றாகத் தெரியும். வெளிக்கிடும்போது ஒரு பெட்டியில் வடையும் போட்டுத் தந்தாள்.

கீழே காரில் காத்திருந்த சண்முகலிங்கம் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"காசு வாங்கப் போய் வடை வாங்கிக்கொண்டு வாறாய்."

"கதையாதேங்கோ."

"இல்லை, வடை நல்லாயிருக்கு. இதில மூண்டில ஒண்டு எங்கட கொமிஷனோ?"

அன்று இரவு புனிதவதி நெடுநேரம் ஒன்றும் பேசாமல் யன்னலுக்குப் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு அது பழக்கம்தான். மறுநாள் ஒரு கட்டுப்பாடு வைத்தாள்: காசு கேட்கப் போகிற வீட்டில் வாய் நனைப்பதில்லை. பச்சைத் தண்ணீரும் இல்லை.

அது வேலை செய்தது. எங்கள் சனத்தின் வீட்டில் வந்த ஆள் ஒன்றும் குடிக்காமல் இருந்தால், அந்த வீட்டுக்குள் காற்று நின்றுவிடும். தேத்தண்ணி மேசையில் ஆறும், மேலே ஆடை படரும். புனிதவதி மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள். அவளுக்கு அமைதி பாரமில்லை, மற்றவர்களுக்குப் பாரம். "ஏன் அன்ரி குடிக்கேல்லை?" என்பார்கள். "காசுக் கதை முடியட்டும் பிள்ளை." சில வீட்டில் இப்படிச் சொல்ல மனம் வராது, "இண்டைக்கு விரதம்" என்பாள். கொஞ்ச நேரம் போகும். பிறகு அவர்களாகவே கதைக்கத் தொடங்குவார்கள். கஷ்டத்தைச் சொல்லுவார்கள், கோபத்தைச் சொல்லுவார்கள், கடைசியில் மாதம் எவ்வளவு தரலாம் என்று சொல்லுவார்கள். கையெழுத்து வைத்த பிறகு ஆறின தேத்தண்ணியை ஒரே இழுவையில் குடித்துவிட்டு எழும்புவாள்.

மூன்று வீட்டில் அப்படி நடந்தது. தமிழ்க் கடைகளில் மரக்கறி வாங்கப் போனால், "உவதான் தேத்தண்ணி குடியாத அன்ரி" என்று ஆட்கள் காட்டிக்கொண்டார்கள். காது கேட்காதமாதிரி அவள் வெண்டிக்காயை நுனி முறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பாள். உள்ளுக்குள் பெருமைதான்.

ஆனால் மூன்றும் சின்னக் காசு. வாடகைக்குக் காணாது. அந்த நேரத்தில்தான் ஐந்தாம் மாடியில் இருந்து அன்ரனெற் வந்தாள்.

அன்ரனெற் ஐம்பதை நெருங்கின மனிசி. இப்போது ஒரு ஹொட்டேலில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை. அதற்கு முன்னர் மோர்னிங்சைட்டில் தவராசா என்கிறவனுடைய சமையலறையில் ஒன்பது மாதம் ரோல்ஸ் சுற்றினாள். அவன் கலியாண வீடுகளுக்கும் பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்குகளுக்கும் சாப்பாடு செய்து கொடுக்கிறவன். தோசைபோலச் சுடவேண்டும், கிழங்கும் இறைச்சியும் வைத்து மடிக்கவேண்டும், முட்டையில் தோய்த்துத் தூளில் புரட்டவேண்டும், பொரிக்கவேண்டும். சனிக்கிழமைகளில் ஆயிரம் சுற்றியிருக்கிறாள். முன்கையில் எண்ணெய் தெறித்த புள்ளிகள் இன்னும் இருந்தன. கடைசி நாலு மாதச் சம்பளத்தை அவன் கொடுக்கவில்லை. கோட்டுக்குப் போனாள். நாலாயிரத்துச் சொச்சம் டொலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு. ஒன்றரை வருசமாகக் காசு வரவில்லை. கடை மனிசி பேரில், வாகனம் மனிசி பேரில்.

"இல்லாதவன் எண்டால் நான் விட்டிடுவன் புனிதம். இருக்கு அவனிட்டை. வேணுமெண்டு தராமல் இருக்கிறான்."

"என்ன கோபம் உங்களில?"

"எனக்கென்ன தெரியும்? நான் அவனோட ஒரு சண்டையும் பிடிக்கேல்லை. வந்தன், சுத்தினன், போனன். வாய் திறந்து கதைச்சதே குறைவு."

கட்டடம் முழுக்க இந்த வழக்கைத் தெரியும். புனிதவதி இதை வாங்கிக் கொடுத்தால் சாமிப் படங்களுக்குப் பின்னால் இருக்கிற பேப்பர் எல்லாம் அவளிடம் வரும். வாங்காவிட்டால் இருக்கிறதும் திரும்பிப் போகும். அவளுக்கும் தெரியும், சண்முகலிங்கத்துக்கும் தெரியும்.

ஈஸ்ரருக்கு மூன்று கிழமை இருக்க, ஒரு புதன்கிழமை பின்னேரம் போனார்கள். உப்புப் போட்டுக் கரைந்த பனி றோட்டெல்லாம் சேறாகக் கிடந்தது. சண்முகலிங்கம் காரில் தமிழ்ப் பேப்பரை விரித்தார்.

தவராசா நாற்பது வயதான, அகன்ற தோள்கொண்ட ஆள். கையில் முழங்கை வரை மா. கதவைத் திறந்து, லைசன்ஸ் அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டான். பேஸ்மென்ற்றில் இருந்து பொரிக்கிற மணம் வந்தது.

"இருங்கோ அன்ரி. ஊரில எவடம்?"

புனிதவதி ஊரைச் சொன்னாள்.

"அதில எவடம்?"

"கோயிலடி."

"வடக்கு வீதியோ?"

"ஓம் தம்பி. தெரியுமோ?"

"தெரியும், தெரியும்." அவன் கையில் ஒட்டியிருந்த மாவை உருட்டி எடுத்தான். "இராஜேஸ்! கோயிலடியில இருந்து ஆள் வந்திருக்கு. தேத்தண்ணி போடும்."

அவனுடைய மனிசி இராஜேஸ்வரி பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணியும், தட்டில் இரண்டு ரோல்ஸும் கொண்டுவந்தாள். நல்ல கோப்பை. கண்ணாடி அலுமாரிக்குள் இருந்து எடுத்த கோப்பை.

"வேண்டாம் பிள்ளை. நான் இண்டைக்கு விரதம்."

இராஜேஸ்வரி புருசனைப் பார்த்தாள். தவராசா கொஞ்ச நேரம் கோப்பையையே பார்த்தான்.

"புதன்கிழமை விரதம் நல்ல விரதம்தான்," என்றான்.

பகிடி விடுகிறான் என்று புனிதவதி நினைத்தாள். மடியில் கையை வைத்துக்கொண்டு வழமைபோல அமைதியாக இருந்தாள். அவனும் அமைதியாக இருந்தான். தேத்தண்ணியில் ஆடை படர்ந்தது. அவன் கதைக்கத் தொடங்கவே இல்லை. அவளுக்குத் தெரிந்த அமைதிகளுக்குள் ஒன்றாகவும் அது இருக்கவில்லை. கடைசியில் எழும்பினது அவள்தான்.

"ஆள் கல்லு," என்றாள் காரில் ஏறி.

"உன்னைவிடக் கல்லோ?"

அவள் சப்பாத்தில் ஒட்டின சேற்றைத் தட்டினாள்.

பத்து நாள் கழித்துத் திரும்பவும் போனாள். அந்த முறை இராஜேஸ்வரியைக் காணவில்லை. அவளைச் சோபாவில் இருக்கச் சொல்லிவிட்டுத் தவராசாவே குசினிக்குள் போனான். வரும்போது கையில் மூடி போட்ட வெள்ளை நுரைக் கப் ஒன்று. அதைக் கவனமாக, அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தான்.

"குடியுங்கோ அன்ரி. உது கடைக் கப். பெட்டி உடைச்சு இப்பதான் எடுத்தனான். எங்கட வீட்டுக் கோப்பை இல்லை. குடிச்சுப்போட்டு எறியலாம்."

முதலில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விரதம் என்று தான் சொன்னது ஞாபகம் வந்தது.

ஊரில் புனிதவதியின் ஆட்கள் சில வீடுகளில் தண்ணீரும் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். அந்த வீட்டு ஆட்கள் இவர்களுடைய முற்றத்துக்கு வந்தால், தனியாக வைத்திருக்கிற தகரப் பேணியில்தான் தேத்தண்ணி ஊற்றுவார்கள். சாதி என்று வாயால் சொல்லமாட்டார்கள். தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் தங்கள் மகளின் கலியாணத்துக்கு வந்து சொன்னால், அவளுடைய தாய் படலை வரைக்கும் போய் நின்று, முகமெல்லாம் சிரிப்பாக, "நாங்கள் விரதம், இன்னொரு நாளைக்கு வாறம்" என்று சொல்லிவிட்டுத் திரும்புவாள். ஒருவரும் விரதம் இல்லை. சொல்கிறவளுக்கும் கேட்கிறவர்களுக்கும் அது தெரியும். அதே சொல். கொஞ்சமும் மாறாமல் அவள் வாயால் வந்திருக்கிறது. கோயிலடி, வடக்கு வீதி என்று, கேட்டவுடன் சாதி தெரிகிற விலாசமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறது.

நான் எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று சொல்லப் பல்லடி வரைக்கும் வந்தது. விழுங்கினாள். அதைத்தானே எல்லாரும் சொல்லியிருப்பார்கள்.

அவள் எழும்பினாள். போகப்போகிறாள் என்று தவராசா கதவடிக்கு நகர்ந்தான். அவள் குசினிக்குள் போனாள். அங்கே இராஜேஸ்வரி சுவரோடு ஒட்டிக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் நின்றாள்.

"பிள்ளை, வீட்டுக் கோப்பையில ஒரு தேத்தண்ணி தாங்கோ. சீனி ரெண்டு கரண்டி."

இராஜேஸ்வரி அலுமாரியைத் திறக்கப் போனாள்.

"உது வேண்டாம். நீங்கள் ஒவ்வொரு நாளும் குடிக்கிற கோப்பை."

காது உடைந்த ஒரு கோப்பையில் தேத்தண்ணி வந்தது. அதையும் ஒரு ரோல்ஸையும் கொண்டுவந்து தவராசாவுக்கு எதிரே இருந்து, ரோல்ஸை முழுக்கத் தின்று, கோப்பையை அடி தெரியும்வரை குடித்தாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"தம்பி, அண்டைக்கு நான் விரதமில்லை. பொய் சொன்னனான். காசு கேக்கிற வீட்டில வாய் நனைக்கிறேல்லை எண்டு எனக்கு ஒரு கட்டுப்பாடு. உங்களுக்கு அந்தச் சொல்லு எப்பிடிக் கேக்கும் எண்டு நான் யோசிக்கேல்லை. உதையெல்லாம் யோசிக்கத் தேவையில்லாத வீட்டில வளந்தனான்."

பேஸ்மென்ற்றில் எண்ணெய் கொதிக்கிற சத்தம் கேட்டது. அவன் காலியான கோப்பையை எட்டிப் பார்த்தான். பிறகு முகத்தில் ஒரு பக்கமாகச் சிரிப்பு வந்தது.

"சரி, குடிச்சிட்டியள். இனி உங்களாலயும் கேக்க ஏலாது."

"கேப்பன்."

"தேத்தண்ணியும் குடிச்சு, ரோல்ஸும் திண்டுபோட்டோ?"

"ஓம். ரோல்ஸ் நல்லாயிருக்கு. அன்ரனெற்றின்ர காசைத் தாங்கோ."

குசினிக்குள் இராஜேஸ்வரி சிரித்துவிட்டாள். தவராசாவும் சிரித்தான். சிரித்த வேகத்திலேயே முகம் இறுகியது.

"அன்ரி, அந்த மனிசி ஒன்பது மாதம் என்ர அடுப்படியில நிண்டது. எங்களோட நிண்ட பெடியள், பெட்டையள் எல்லாரும் ஒண்டாச் சமைச்சு ஒண்டாத் தின்னுவம். உவ வீட்டில இருந்து சுடுதண்ணிப் போத்திலும் சாப்பாட்டுப் பெட்டியும் கொண்டு வருவா. பின்படியில போய் இருந்து தின்னுவா. தை மாதத்துக் குளிரிலயும் பின்படியில. தான் சுத்தின ரோல்ஸில ஒண்டை வாயில வச்சுப் பாத்ததில்லை. உப்புச் சரியோ எண்டு கேட்டா, மணத்துப் பாத்துச் சொல்லுவா."

"இதைக் கோட்டில சொன்னனீங்களோ?"

"எந்தக் கோட்டில? அந்த வெள்ளைக்கார நீதவானிட்டையோ? 'ஐயா, இவ என்ர வீட்டில தண்ணி குடிக்கேல்லை' எண்டோ? அந்தாளுக்கு என்ன விளங்கும்? பேசாமல் நிண்டன். தீர்ப்பு எழுதினார். எழுதட்டும். குடுக்கமாட்டன் எண்டு அண்டைக்கே நினைச்சிட்டன்."

"அவ செய்தது பிழை."

"பிழை எண்டு நீங்கள் சொல்லி என்ன?"

"ஒண்டுமில்லைத்தான். ஆனால் ரோல்ஸ் சுத்தினவ."

"சுத்தினவ. இல்லை எண்டேல்லை."

"தம்பி, வேலை வாங்கிப்போட்டுக் கூலி குடாமல் விட்டது ஆர் எண்டு உங்களுக்குத் தெரியும். உங்கட அப்பு, ஆச்சியைக் கேட்டா இன்னும் நல்லாச் சொல்லுவினம். எங்கட வீட்டிலயும் நடந்தது. வெங்காயம் கிண்டினவையை நாளைக்கு வா, நாளையிண்டைக்கு வா எண்டு படலையில நிப்பாட்டி வச்சதை நான் கண்டிருக்கிறன். அது எங்கட ஆக்களின்ர பழக்கம். அதை ஏன் நீங்கள் எடுத்து வச்சிருக்கிறியள்?"

தவராசா சட்டென்று எழும்பினான். "இதைச் சொல்ல நீங்கள் ஆர்?" என்று கேட்டான். சத்தம் உயரவில்லை.

"அந்த வீட்டில வளந்தவள். வேற ஆர் சொல்லுறது?"

அவன் யன்னலுக்குப் போய் வெளியே பார்த்தான். றோட்டில் சண்முகலிங்கத்தின் கார் சேற்றுக்குள் நின்றது. புனிதவதி வேறொன்றும் சொல்லவில்லை. இந்த அமைதியை அவள் வேலைக்காக வைத்திருக்கவில்லை. சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அவன் காசு தராமல் விட்டால், திங்கட்கிழமை தொழிற்சாலைக்குப் போன் எடுக்கவேண்டும். எடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். போகிறபோது தலையைக் குனிந்துகொண்டு போகவேண்டியதில்லை.

"அவ வரட்டும்," என்றான் தவராசா, திரும்பாமல். "இஞ்ச வந்து, இதில இருந்து, ஒரு தேத்தண்ணி குடிச்சுப்போட்டுக் காசை வாங்கிக்கொண்டு போகட்டும்."

"அதை நான் வாங்கித்தர ஏலாது. என்ர லைசன்ஸ் காசுக்கு மட்டும்தான்."

அவன் திரும்பிப் பார்த்தான். அவளுடைய முகத்தில் பகிடி ஒன்றும் இல்லை. உள்ளதைச் சொல்கிற முகம்.

"எட்டுச் செக்," என்றான் கடைசியில். "மாதம் ஒண்டு. இராஜேஸ், செக் புத்தகத்தைக் கொண்டு வாரும். அன்ரி, கடை மனிசி பேரில எண்டு உங்களுக்குத் தெரியும். நான் குடுக்காட்டில் ஒருத்தராலயும் பிடுங்க ஏலாது."

"தெரியும். அதாலதான் கேட்டு வந்தனான்."

இராஜேஸ்வரி செக்குகளை எழுத, அவன் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகத் திகதியைச் சரிபார்த்தான். கடைசிச் செக்கை மட்டும் கிழிக்கவிடவில்லை.

"ஏழைக் கொண்டு போங்கோ. எட்டாவதை நான் வச்சிருக்கிறன். விருப்பமெண்டால் அவ வந்து வாங்கட்டும். வராட்டில் தபாலில அனுப்புவன். அனுப்புவன் எண்டா அனுப்புவன்."

அவனை நம்பலாம் என்று புனிதவதிக்குத் தெரிந்தது.

காரில் ஏறியதும் சண்முகலிங்கம் அவளுடைய வாயைப் பார்த்தார். உதட்டோரம் ரோல்ஸ் தூள் ஒட்டியிருந்தது.

"போச்சு. திண்டுபோட்டாய்."

"திண்டனான்."

"இனி என்ன, மெசினுக்குத்தான்."

அவள் உறையில் இருந்து செக்குகளை எடுத்து ஸ்ரியறிங்கில் வைத்தாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். திரும்பவும் முதலில் இருந்து பார்த்தார்.

"திண்டுபோட்டும் கேட்டனியோ?"

"கேட்டனான்."

"எங்கட பரம்பரையில ஒருத்தரும் செய்யாத வேலை."

"ஓம்," என்றாள் புனிதவதி. அவர் எதை நினைத்துச் சொன்னாரோ, அவளுக்கு அது எல்லாவற்றுக்கும் பொருத்தமாக இருந்தது.

அன்று பின்னேரமே ஐந்தாம் மாடிக்குப் போய்ச் செக்குகளைக் கொடுத்தாள். அன்ரனெற் கண்ணீர் வராமல் இருக்க மேலே லைற்றைப் பார்த்தாள். பிறகு எண்ணிப் பார்த்து, "ஒண்டு குறையுது" என்றாள்.

"அது அவனிட்டை. நீங்கள் போய் வாங்கினால் நல்லது எண்டு சொல்லுறான். போகாட்டிலும் அனுப்புவான்."

"நான் ஏன் போகவேணும்?"

புனிதவதி மறைக்கவில்லை. சுடுதண்ணிப் போத்தில், பின்படி, மணத்துப் பார்த்த உப்பு எல்லாவற்றையும் சொன்னாள். அன்ரனெற்றின் முகம் மாறி மாறி வந்தது.

"நாங்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போற ஆக்கள். எங்களிட்டை உந்தச் சாதி கீதி ஒண்டும் இல்லை."

புனிதவதி பேசாமல் இருந்தாள்.

"எனக்கு வாய்வு. வெளிச்சாப்பாடு ஒத்துவராது."

 வெளியே லிப்ற் வந்து நின்று, கதவு திறந்து மூடிப் போனது.

"அதையெல்லாம் அவன் பாத்துக்கொண்டோ இருந்தவன்?" என்று அன்ரனெற் மெல்லக் கேட்டாள்.

"ஒன்பது மாதமும்."

அன்ரனெற் செக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். கலைத்துவிட்டுத் திரும்பவும் அடுக்கினாள். போ என்றோ போகாதே என்றோ புனிதவதி சொல்லவில்லை. "அந்தக் கடைசிச் செக்குக்கு எனக்குக் கொமிஷன் வேண்டாம், அது என்ர வேலையில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டாள்.

ஈஸ்ரருக்கு முதல் கிழமை மேற்பார்வையாளருக்குப் போன் எடுத்து, மெசினை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொன்னாள். அந்த மனிசன் வாழ்த்துச் சொன்னார். சித்திரை, வைகாசி என்று மாதம் போகப் போக, பழுப்பேறின தீர்ப்புகள் ஒவ்வொரு மாடியில் இருந்தும் இறங்கியும் ஏறியும் வந்தன. கோடைக்குள் சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமில்லாமல் போனது. சண்முகலிங்கம் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தமையனுக்குப் போனில் சொன்னார்: "புனிதம் தனிய ஒரு பிஸ்னஸ் நடத்துறா. கோட்டு வேலை. இல்லை அண்ணை, கோட்டில வேலை இல்லை. கோட்டால ஏலாத வேலை."

வீடுகளுக்குப் போனால் இப்போது தேத்தண்ணி குடித்தாள். குடித்த பிறகும் கேட்டாள். முதலில் கஷ்டமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. தவராசாவின் செக்குகள் ஒவ்வொரு மாதமும் பாங்கில் பிசகாமல் காசாக மாறின.

மார்கழியில் முதல் பனி கொட்டின ஒரு சனிக்கிழமை போன் அடித்தது. இராஜேஸ்வரி.

"அன்ரி, இவர் கேக்கச் சொன்னவர். எங்களிட்டையும் ஒரு தீர்ப்புக் கிடக்கு. கலியாண வீட்டுச் சாப்பாட்டுக் காசு, மூண்டு வருசமா அவை தரேல்லை. உங்கட பக்கத்து ஆக்கள்தான், பெரிய இடம். நீங்கள் எடுப்பியளோ?"

"ஆரெண்டால் என்ன? பேப்பரைக் கொண்டு வாங்கோ. எல்லாருக்கும் மூண்டில ஒண்டு."

"இவரும் அதைத்தான் சொன்னவர், அன்ரி எடுப்பா எண்டு…"

இராஜேஸ்வரிக்குப் பின்னால் சட்டி பானைச் சத்தமும் ஆட்களின் சிரிப்பும் கேட்டன. தவராசா யாரிடமோ எதையோ கேட்டான். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு வாய் நிறையச் சாப்பாட்டோடு ஒரு மனிசியின் குரல், அதிகாரமாக: "உப்புக் காணாது தம்பி. மிளகும் காணாது. நான் இருக்கேக்க இப்பிடியோ இருந்தது?"

ஐந்தாம் மாடிக் குரல். அன்ரனெற்.

  இரண்டு பேரும் போனைக் காதில் வைத்தபடி அந்தச் சண்டையைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"திங்கட்கிழமை வாறம் அன்ரி," என்றாள் இராஜேஸ்வரி.

"ஓம் பிள்ளை. வாங்கோ."

போனை வைத்துவிட்டு, புனிதவதி புதுக் கோப்பு ஒன்றை எடுத்து விரித்தாள். காசு வரவேண்டியவர் பெயர் என்ற இடத்தில், முத்து முத்தாக, தவராசா என்று எழுதினாள்.